'இன்னா புக்குபா அது?' – படித்ததை அடுத்தவரோடு பகிர ஒரு முழுமையான வழிகாட்டி

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் போகிற காலை வண்டி. தண்டையார்பேட்டை தாண்டியதும் எதிரில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஒருவர் என் மடியைக் காட்டிக் கேட்டார்: "இன்னா புக்குபா அது?"

அதற்குள் நான் பத்து வருடமாகப் படித்துக்கொண்டிருந்தவன். வாயில் வந்தது இவ்வளவுதான்: "நாவல்ணே. நல்லா இருக்கும்."

அவர் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொருக்குப்பேட்டை தாண்டி, பேசின் பிரிட்ஜுக்கு முன்னால், வழக்கம்போல் சிக்னல் விழாமல் வண்டி நின்றது. பத்து நிமிடம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். கேட்க அவர் தயாராகத்தான் இருந்தார். சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. முதல் நாள் ராத்திரி தூக்கம் கெட்டுப் படித்த புத்தகம் அது!

அன்றைய கூச்சத்தில் ஆரம்பித்ததுதான் இதெல்லாம். இப்போது வடசென்னையில், பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் பதினோரு பேர் ஞாயிறு சாயங்காலம் உட்கார்ந்து, படித்ததைப் பேசுகிறோம். ஆறு வருடமாக நடக்கிறது. இலக்கியக் கூட்டம் என்று பெயர் வைத்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஜாக்கெட் தைக்கிற அக்கா, காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிற தம்பி, கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர், ஒரு ஆட்டோ அண்ணன் என்று கலவையான கூட்டம். தடுக்கி விழுந்து கற்றுக்கொண்டதை வரிசைப்படுத்திச் சொல்கிறேன்.

1. படிக்கும்போதே கொஞ்சம் பிடித்து வையுங்கள்

முடித்த பிறகு யோசித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தால் ஒன்றும் மிஞ்சாது. இரண்டு வாரத்தில் பாத்திரங்களின் பெயர் போய்விடும், ஒரு மாதத்தில் முடிவு போய்விடும். அப்புறம் கையில் நிற்பது 'நல்லா இருந்துச்சு' மட்டும்.

சட்டைப் பையில் நுழைகிற சின்ன நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். போனில் எழுதலாம்தான். ஆனால் போனை எடுத்தால் வேறு நாலு விஷயம் இழுத்துக்கொண்டு போகும், புத்தகம் மடியிலேயே கிடக்கும். நோட்டில் மூன்று விஷயம் குறித்தால் போதும்.

முதலாவது, எங்கே, எந்த நிலைமையில் படித்தீர்கள் என்பது. இது தேவையில்லாத சங்கதி போலத் தோன்றும். ஆனால் பிற்பாடு நினைவை இழுத்துக்கொண்டு வருவது இதுதான். ஸ்டான்லி மருத்துவமனையில் மாமாவுக்குத் துணையாகப் படுத்திருந்தபோது படித்த சிறுகதைத் தொகுப்பை நான் இன்றைக்கும் கதை கதையாகச் சொல்வேன். வீட்டில் வசதியாகச் சாய்ந்துகொண்டு படித்த பல புத்தகங்கள் போன இடம் தெரியவில்லை.

இரண்டாவது, உங்களை நிறுத்திய ஒரே ஒரு வரி. பத்து வரி எழுதினால் ஒன்றும் எழுதாத மாதிரிதான். வரிக்குப் பக்கத்தில் அத்தியாயத்தைக் குறியுங்கள், பக்க எண்ணை நம்பாதீர்கள். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாட்டுடைமையான நூல் என்பதால் எத்தனையோ பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன. ஐந்து பாகத்தையும் ஒரே கட்டாகக் கட்டியதும் உண்டு, தனித்தனியாகவும் உண்டு. என் 212ஆம் பக்கம் உங்கள் புத்தகத்தில் 340இல் இருக்கும். அத்தியாயத் தலைப்பைச் சொன்னால் எந்தப் பதிப்பிலும் கண்டுபிடித்துவிடலாம்.

மூன்றாவதுதான் முக்கியம்: எங்கே சலித்தது? எந்த இடத்தில் மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனீர்கள், எத்தனை நாள் கழித்துத் திரும்ப எடுத்தீர்கள்? பிடித்த புத்தகத்திலும் சலிக்கிற இடம் உண்டு. அதை ஒளிக்காமல் எழுதுங்கள். எதற்கு என்று மூன்றாம் படியில் சொல்கிறேன்.

என் நோட்டில் 2019 ஜூன் மாதத்துப் பக்கம் இப்படி இருக்கிறது. புழல் ஏரி வறண்டு கிடந்த வருடம். அசோகமித்திரன் 1973இல் வெளியிட்ட 'தண்ணீர்' நாவல் அப்போது கையில்.

"காலை 5.20. லாரி இன்னும் வரவில்லை. கவிழ்த்த குடத்து மேல் உட்கார்ந்து படிக்கிறேன். ஜமுனாவின் தவிப்பு ஒரு பக்கம், தெருவின் தவிப்பு ஒரு பக்கம், இரண்டும் ஒரே குழாயில் வருகிறது. நடுவில் ஒரு இடத்தில் 'என்ன இவள் இப்படி இருக்கிறாள்' என்று கோபம் வந்தது. 6.10க்கு லாரி. புத்தகத்தின் முனை நனைந்துவிட்டது."

இவ்வளவுதான். இதைப் பார்த்தால் முழு நாவலும் எனக்குத் திரும்ப வருகிறது, பின்பக்கம் ஈரமான அந்த வேட்டியும் வருகிறது.

2. ஒரு சிக்னல் நேரத்தில் சொல்லப் பழகுங்கள்

எங்கள் கூட்டத்தில் இதற்கு 'பேசின் பிரிட்ஜ்' என்றே பெயர். "உன் பேசின் பிரிட்ஜைச் சொல்லு" என்றால் சிக்னலில் வண்டி நிற்கிற நேரத்துக்குள் புத்தகத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். நிஜத்தில் பத்து நிமிடம்கூட நிற்கும், நாங்கள் இரண்டு நிமிடம் என்று வைத்திருக்கிறோம்.

கதைச் சுருக்கம் சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டு சீரியலைக் கேட்பது போல இருக்கும். விருது வாங்கியதை முதலில் சொல்லாதீர்கள், கேட்கிறவருக்குப் பயம் வந்துவிடும். 'அருமை', 'அற்புதம்', 'கண்டிப்பா படிக்கணும்' மூன்றும் வேண்டவே வேண்டாம். 'கண்டிப்பா' என்றாலே பள்ளிக்கூட ஞாபகம் வருகிறது என்று தையல் அக்கா ஒருமுறை சொன்னார். சரிதான்.

சொல்ல வேண்டியது இது. யார், அவருக்கு என்ன பாடு என்பது ஒரே வாக்கியத்தில். அதைப் படிக்கும்போது உங்களுக்கு என்ன ஆயிற்று என்பது ஒன்றோ இரண்டோ வாக்கியத்தில். எங்கே இழுக்கும், எங்கே புரியாது என்ற எச்சரிக்கை. கடைசியில் புத்தகத்தின் பருமன். பருமனைப் பக்கத்தில் சொல்லாமல் நாளில் சொல்லுங்கள்.

தையல் அக்காவிடம் 'தண்ணீர்' நாவலை நான் சொன்னது ஏறக்குறைய இப்படித்தான்: "அக்கா, மெட்ராஸ்ல தண்ணிப் பஞ்சம் வந்தப்போ ஒரு தெருவுல நடக்கிற கதை. ஜமுனான்னு ஒரு பொண்ணு, அவ தங்கச்சி சாயா. நாம லாரிக்கு நின்னோமே, அப்போ குடத்து மேல உக்காந்து படிச்சேன். பெரிய திருப்பம்லாம் வராது, மெதுவாத்தான் போகும். அந்தப் பொண்ணு மேல உனக்குக் கோவம்கூட வரலாம். சின்னப் புக்குதான், மூணு நாள்ல முடிஞ்சிரும்."

அக்கா சிரித்தார். "தண்ணிக் கஷ்டத்தைப் படிச்சு வேற தெரிஞ்சுக்கணுமாடா எனக்கு?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, குடு. அந்தப் பொண்ணு மேல எதுக்குக் கோவம் வருதுன்னு பாக்கறேன்" என்று வாங்கிக்கொண்டார். கவனியுங்கள், அவரை இழுத்தது நான் புகழ்ந்த இடம் அல்ல.

முடிவைச் சொல்லலாமா என்ற சண்டை எல்லாக் குழுவிலும் வரும். எங்கள் ஏற்பாடு சுலபமானது. படித்தவர்கள் மட்டும் முடிவைப் பேச வேண்டுமென்றால் எழுந்து மாடியின் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விடுவார்கள். அங்கே போனவர்கள் சிரிக்கிறதையும் கத்துகிறதையும் கேட்டே சிலர் அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கியிருக்கிறார்கள்.

3. புத்தகத்தைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள்

நான் பண்ணிய பெரிய தப்பை இங்கே சொல்லியாக வேண்டும்.

ஆட்டோ அண்ணனை எனக்கு டீக்கடைப் பழக்கம். சவாரி இல்லாத நேரத்தில் பழைய மாத நாவல்களை, அட்டை கிழிந்ததை எல்லாம்கூட, சீட்டில் சாய்ந்து படித்துக்கொண்டிருப்பார். 'இவ்வளவு படிக்கிற ஆளுக்கு நல்ல புத்தகமாகக் கொடுப்போமே' என்று எனக்கு ஆர்வக்கோளாறு. எனக்கு உயிரான நாவல் ஒன்று, எழுநூறு பக்கத்துக்கு மேல், கெட்டி அட்டை. புதிதாக வாங்கி, கடையில் போட்டுக்கொடுத்த கண்ணாடிக் கவரைக்கூடப் பிரிக்காமல் அவர் கையில் கொடுத்தேன். "அண்ணா, வாழ்க்கையில ஒரு தடவையாவது இதைப் படிக்கணும்" என்று வசனமும் பேசினேன்.

மறுவாரம் "படிக்கிறேன்பா" என்றார். அடுத்த மாதம் "இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன்" என்றார். அதற்கப்புறம் என்னைப் பார்த்தால் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போக ஆரம்பித்தார். டீக்கடைக்கு வருவதே நின்றுபோனது. நாலு மாதம் கழித்து ஒரு நாள் அவரே வந்து புத்தகத்தை நீட்டினார். கண்ணாடிக் கவர் பிரிக்காமல் அப்படியே இருந்தது. "வண்டில வெச்சா வெய்ட்டா இருக்குபா. சவாரி வந்துச்சுன்னா எந்த இடத்துல விட்டேன்னே தெரியாது" என்றார். அவர் முகத்தில் இருந்தது குற்றவாளியின் களை. தப்பு பண்ணியது நான், கூசிப்போய் நின்றது அவர்.

சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன், நூலகத்துக்கான ஐந்து விதிகளை 1931இல் புத்தகமாகவே எழுதினார். அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். இரண்டும் ஒன்றுதானே என்று படிக்கும்போது நினைத்தேன். ஆட்டோ அண்ணன் விஷயத்துக்குப் பிறகுதான் வித்தியாசம் உறைத்தது. நான் மூன்றாவது விதியில் நின்றுகொண்டு என் புத்தகத்துக்கு ஆள் தேடியிருக்கிறேன். அண்ணனுக்குத் தேவைப்பட்டது இரண்டாவது விதி. ஐந்து நிமிடத்தில் ஒன்று முடிகிற, நடுவில் நிறுத்தினாலும் கெடாத குறுங்கதைகளைக் கொடுத்திருந்தால் அன்றைக்கே படித்திருப்பார். பிற்பாடு கொடுத்தேன், படித்தார்.

அதனால் இப்போது புத்தகத்தை எடுப்பதற்கு முன்னால் ஆளிடம் கொஞ்சம் கேட்டுக்கொள்கிறேன். 'உங்களுக்கு எந்த மாதிரி புத்தகம் பிடிக்கும்?' என்று மட்டும் கேட்பதில்லை. அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்தப் படத்தை இரண்டாவது தடவை பார்த்தீர்கள் என்று கேட்டால் படபடவென்று பதில் வரும். எந்த நேரத்தில் கை சும்மா இருக்கும், எத்தனை நிமிடம் சேர்ந்தாற்போல் கிடைக்கும் என்று கேட்கலாம். கண்ணாடி போடுகிறவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொடி எழுத்துப் பதிப்பு எவ்வளவு நல்ல கதையையும் கெடுத்துவிடும். அப்புறம் ஒன்று, கொஞ்சம் நாசூக்காகத் தெரிந்துகொள்ள வேண்டியது: எதைப் படிக்கிற நிலையில் இப்போது இல்லை? வீட்டில் இழவு விழுந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒருவருக்கு, அப்பாவின் மரணத்தைப் பற்றிய கதையைக் கொடுத்துவிட்டு நான் பட்ட வேதனை போதும்.

நோட்டில் குறித்த 'சலித்த இடம்' உதவுவது இங்கேதான். "முதல் அறுபது பக்கம் ஊரையும் உறவையும் சொல்லிக்கிட்டே இருப்பாரு, அதைத் தாண்டிட்டா அப்புறம் கீழ வைக்க மாட்டீங்க" என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால், அந்த அறுபது பக்கத்தில் சலிக்கிறபோது 'நமக்குத்தான் புரியவில்லை போல' என்று அவர் மூடி வைக்கமாட்டார். சொன்னபடிதானே நடக்கிறது என்று போய்க்கொண்டே இருப்பார்.

ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு புத்தகம். பத்துப் புத்தகப் பட்டியலைக் கொடுத்தால் பத்தையும் படிக்கமாட்டார்.

4. புத்தகம் கைக்கு வருகிற வழி

'எங்கே கிடைக்கும்' என்பதையும் சேர்த்துச் சொல்லாத பரிந்துரை பாதிப் பரிந்துரைதான்.

முதலில் கிளை நூலகம். முகவரிச் சான்றும் சின்னக் காப்புத் தொகையும் ஆண்டுச் சந்தாவும் போதும், உறுப்பினர் ஆகிவிடலாம். பெரும்பாலான கிளைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது வசதி. நூலகரிடம் பேச்சுக் கொடுங்கள். எந்தப் புத்தகம் உள்ளே போய் வெளியே வராமல் கிடக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். நிறைய நூலகங்களில் வாசகர் வட்டமும் இருக்கும். பெயரளவில் இருந்தாலும் பரவாயில்லை, நாலு பேர் போய்க் கேட்டால் உயிர் வரும்.

பழைய புத்தகத்துக்கு சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகம். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு அங்கிருந்த வியாபாரிகள் வந்து சேர்ந்த இடம். இன்னமும் நம் ஆட்கள் அதை மூர் மார்க்கெட் என்றுதான் சொல்கிறார்கள். பரிட்சைப் புத்தகங்களுக்கு நடுவில் பொறுமையாகத் தேடினால் பதிப்பில் இல்லாத நாவல்கூட அகப்படும்.

ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சி. முன்பெல்லாம் நம் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்ததிலிருந்து, திருவொற்றியூரில் ஏறினால் நேரே நந்தனத்தில் இறங்கிவிடலாம். பத்து சதவீதத் தள்ளுபடி உண்டு. நாங்கள் ஒரே புத்தகத்தை இரண்டு பேர் வாங்காமல் முன்கூட்டியே பிரித்துக்கொள்கிறோம். பதினோரு பேர் ஆளுக்கு இரண்டு வாங்கினால் வருடத்துக்கு இருபத்திரண்டு புத்தகம் சுற்றில் இருக்கும்.

பிடிஎஃப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் விற்றுக்கொண்டிருக்கிற புத்தகத்தைப் படமெடுத்து அனுப்புவது திருட்டுதான், எவ்வளவு ஆசையோடு அனுப்பினாலும். நம் ஊரில் எழுதிச் சம்பாதிக்கிறவர்கள் சொற்பம், அதிலும் கை வைக்க வேண்டாம். ஆனால் நாட்டுடைமையான நூல்களைத் தாராளமாக அனுப்பலாம். எழுதியவர் இறந்து 60 ஆண்டு கடந்தவற்றையும் அப்படியே. புதுமைப்பித்தன் கதைகளுக்கு யார் அனுமதியும் தேவையில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பிலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் இப்படிப்பட்டவை குவிந்து கிடக்கின்றன.

5. இரவல் நோட்டு

'புத்தகம் இரவல் கொடுத்தால் திரும்பாது' என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் கொடுக்கிறோம். எழுதி வைத்தால் திரும்பும். புத்தகத்தின் பெயர், வாங்கியவர், தேதி என்று மூன்று கட்டம் போதும். நோட்டு பொதுவில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி இருக்கட்டும். நாங்கள் நாற்பது நாள் கணக்கு வைத்திருக்கிறோம். நாற்பதுக்குள் படிக்காவிட்டால் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வோம். படித்தாயா என்று யாரும் கேட்கக் கூடாது, அது சட்டம். ஆட்டோ அண்ணன் விஷயத்துக்குப் பிறகு வந்த சட்டம்.

படகுக்குப் போகிற தம்பிக்கு மட்டும் வேறு கணக்கு. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது மொத்தமாக ஏழெட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவான். வலை பின்னுகிற இடத்தில் இவன் சத்தம் போட்டுப் படிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே வேலை பார்ப்பார்களாம்.

நம் பகுதியில் இரவல் கொடுக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று, நனைந்த புத்தகத்தைக் காப்பாற்றுவது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் அலமாரியின் கீழ்த்தட்டு மூழ்கியது. நனைந்த புத்தகத்தை அவசரப்பட்டு விரிக்காதீர்கள், தாள் கிழிந்து ஒட்டிக்கொள்ளும். முதலில் மூடியபடியே செங்குத்தாக நிற்க வைத்துத் தண்ணீரை வடியவிடுங்கள். பிறகு இருபது முப்பது பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளைத் தாளைச் செருகி, ஈரம் ஏற ஏற மாற்றுங்கள். கொளுத்துகிற வெயிலில் போட்டால் அட்டை வளைந்துவிடும், ஃபேன் காற்றுப் போதும். நிறையப் புத்தகம் ஒரே நேரத்தில் நனைந்துவிட்டால், பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் காயவைக்கலாம். உறைந்திருக்கிற வரை பூஞ்சை பிடிக்காது. கரண்ட் வந்ததும் தையல் அக்கா தன் வீட்டு ஃப்ரீசரில் மீனை ஓரம் தள்ளிவிட்டு ஆறு புத்தகத்துக்கு இடம் கொடுத்தார். ஒன்றில் மட்டும் லேசாகச் சங்கரா வாசனை இன்னும் போகவில்லை.

6. கூடி உட்காருங்கள்

மூன்று பேர் இருந்தால் ஆரம்பிக்கலாம். இடத்துக்கு அலையாதீர்கள். மொட்டை மாடி, நூலகத் திண்ணை, பூங்கா எதுவும் ஆகும். நம் பக்கத்தில் தெருவுக்குத் தெரு மன்றமும் படிப்பகமும் இருந்த ஊர் இது. ஒரு பெஞ்சு, நாலு பத்திரிகை, ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பது. கேரம் போர்டு வந்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டாலும் இடம் இன்னும் சில தெருக்களில் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். எங்கள் முதல் கூட்டம் ராயபுரம் ராபின்சன் பூங்காவில். 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் கொட்டுகிற மழையில் நடந்ததே, அந்தப் பூங்கா. எங்கள் கூட்டத்துக்கும் மழை வந்தது. அவர்கள் நின்று கேட்டார்கள், நாங்கள் ஓடிவிட்டோம். அப்புறம்தான் மொட்டை மாடி, பக்கத்திலேயே படிக்கட்டுக் கூரை.

நேரத்தைப் பெண்களிடம் கேட்டு முடிவு பண்ணுங்கள். ஆண்கள் 'சாயங்காலம் ஏழு' என்று முடிவு பண்ணினால் இட்லி ஊற்றுகிற நேரம், ஒருத்தரும் வரமாட்டார்கள். எங்களுக்கு ஞாயிறு நாலரை சரியாக இருக்கிறது. ஆறுக்கு முடித்துவிட்டு, ஆளுக்குக் காசு போட்டு அத்தோ என்கிற நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிடுவோம். பர்மாவிலிருந்து வந்தவர்கள் நம் ஊருக்குக் கொடுத்த கொடை. அத்தோவுக்காகவே வந்து வாசகரானவர் ஒருவர் இருக்கிறார்.

தலைமை உரை, பொன்னாடை, மைக் மூன்றையும் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பேசின் பிரிட்ஜ். இந்த வாரம் ஒன்றும் படிக்கவில்லை என்றால் 'படிக்கலை' என்று சொல்லிவிட்டுக் கேட்கலாம், அதற்குக் காரணம் சொல்லக் கூடாது. எல்லோரும் ஒரே புத்தகத்தைப் படித்து வருவது என்ற முறையையும் முயன்றோம். இரண்டாவது மாதமே பாதிப் பேர் வீட்டுப் பாடம் செய்யாத பிள்ளைகள் போல வராமல் நின்றுவிட்டார்கள். ஆளுக்கொன்று படிப்பதே எங்களுக்கு ஒத்துவருகிறது. படித்த மனிதர் ஒருவர் மட்டும் பேசிக்கொண்டே போனால்? ஃபிட்டர் ஐயா விசில் வைத்திருக்கிறார். வேலையில் இருந்தபோது வாங்கியதாம்.

7. வாட்ஸ்அப் குழு

தனியாக வைத்துக்கொள்ளுங்கள், சட்டம் மூன்று போதும். காலை வணக்கப் படம் இல்லை. அரசியல் ஃபார்வர்டு இல்லை. அட்டைப் படத்தை மட்டும் போட்டுவிட்டு ஓடக்கூடாது, கூடவே இரண்டு நிமிடத்துக்குள் குரல் பதிவும் வர வேண்டும். எழுதச் சொன்னால் கூச்சப்படுகிறவர்கள் பேசச் சொன்னால் பிரமாதமாகப் பேசுகிறார்கள். பின்னணியில் குக்கர் விசிலும் ரயில் சத்தமும் கேட்கிற பதிவுகள்தான் எனக்குப் பிடித்தவை.

8. படிக்கத் தெரியாதவர்களை விட்டுவிடாதீர்கள்

தையல் அக்காவின் மாமியாருக்கு எழுத்துத் தெரியாது. நாங்கள் பேசுவதைப் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்பார். ஒருநாள், "பேசறீங்களே ஒழிய ஒருத்தரும் கதையைச் சொல்ல மாட்டேங்கறீங்க" என்றார். அன்றிலிருந்து கடைசி இருபது நிமிடம் யாராவது ஒருவர் வாசித்துக் காட்டுகிறோம்.

வாசிப்பதற்கு வட்டார வழக்கில் எழுதிய சிறுகதைகள் நன்றாகப் போகும், வர்ணனை நீளமானவை தூங்க வைத்துவிடும். முன்னாடியே ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று தெரிந்துவிடும். நாடகம் மாதிரி குரல் மாற்ற வேண்டாம். கேட்கிறவர் நடுவில் பேசினால் நிறுத்திக் கேளுங்கள். "இவ போய்ச் சேரமாட்டா, திரும்பி வந்துருவா பாரு" என்று பாட்டி ஒரு கதையின் முடிவைப் பாதியிலேயே சொல்லிவிட்டார். அதைப் படித்திருந்த நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

9. பிடிக்கவில்லை என்று சொன்னால்

சொல்லட்டும். நீங்கள் எழுதியது இல்லையே, கொடுத்ததுதானே! 'உனக்குப் புரியலை' என்ற சொல் மட்டும் வாயில் வரக்கூடாது. எந்த இடத்தில் விட்டீர்கள் என்று கேளுங்கள். அந்த இடத்தை உங்கள் நோட்டில் எழுதி வைத்தால் அடுத்தவருக்குக் கொடுக்கும்போது உதவும். 'தண்ணீர்' நாவலைத் திருப்பிக் கொடுக்கும்போது தையல் அக்கா சொன்னார்: "எனக்கு அவ மேல கோவமே வரலை. உனக்குத்தான் ஏன் வந்துச்சுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்." என் நோட்டுப் பக்கத்தில் அதையும் அடியில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆள் உங்களுக்குப் புத்தகம் கொடுக்க ஆரம்பித்தால் மறுக்காதீர்கள். பகிர்வது ஒருவழிப் பாதையாக இருந்தால் அது வகுப்பு. வாங்கிக்கொள்ளுங்கள், படித்துப் பாருங்கள், அதற்கும் ஒரு பேசின் பிரிட்ஜ் சொல்லுங்கள்.

போன மாதம் ஆட்டோ அண்ணன் எனக்கு ஒன்று கொடுத்தார். சித்த மருத்துவ மூலிகைகளைப் பற்றி, தலையணை மொத்தத்துக்கு. "நீ படிக்கிற ஆளு, உனக்குன்னு எடுத்து வெச்சேன்" என்றார். முப்பத்தாறு நாள் ஆகிறது, ஆடாதொடையைத் தாண்டவில்லை. இந்த வாரம் டீக்கு நான் அடுத்த தெருக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.